தோடம்பழ நிறப் படகு

என் கல்யாண அல்பத்தைப் பார்க்கிற எவரும் முதலில் கேட்பது, “இதுல பொண்ணு யாரு?” என்றுதான். நான் தங்க நிறத்தில் ஒரு சாரியை உடுத்திக்கொண்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பேன். எனக்குப் பக்கத்தில் கண்ணைப் பறிக்கும் தோடம்பழ ஆரஞ்சு நிறச் சாரியில், இரண்டு கையிலும் மருதாணியோடு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு ராத்தா நிற்பாள். படம் எடுத்தவனுக்கும் குழப்பம் வந்திருக்க வேண்டும். பாதிப் படங்களில் நான் ஓரத்தில் இருக்கிறேன். இதைச் சொல்லிச் சொல்லி அவளை எத்தனையோ தடவை சீண்டியிருக்கிறேன். எனக்கு அக்கா என்றாலும் எங்களுக்குள் இரண்டே வயதுதான் வித்தியாசம். ராத்தா என்று கூப்பிடுவேனே தவிர, மற்றதெல்லாம் நீ, வா, போதான்.

அந்தக் கல்யாணம் நடந்தபோது மச்சானுடைய கப்பல் காணாமல் போய் இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

மச்சான் என்றது ராத்தாவின் கணவரை. பள்ளிவாசல்துறையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். தோணியும் வலையும் தனக்குச் சரிவராது, மாதச் சம்பளம் வேண்டும் என்று கப்பலுக்குப் போனார். இரும்புத்தாது ஏற்றுகிற பெரிய கப்பலில், இயந்திர அறையில் எண்ணெய் போடுகிற வேலை. கடல் வேண்டாம் என்று சொல்லி நடுக்கடலுக்கே போன ஒரே ஆள் இவர்தான் என்று எங்கள் உம்மா பகிடி பண்ணுவார். மச்சானும் சேர்ந்து சிரிப்பார். கனமூலையில் எங்கள் வீட்டில்தான் இருவரும் குடியிருந்தார்கள். வருடத்தில் மூன்று மாதம் அவர் வீட்டில், மிச்சம் கப்பலில்.

போய் வரும் இடங்களிலிருந்து போனில் படம் அனுப்புவார். அதில் ஒரு படத்தைத்தான் ராத்தா பெரிதாகக் கழுவி எடுத்து அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தாள். கப்பலின் பின்பக்கத்தில், கீழ்நோக்கிச் சாய்ந்த ஒரு சறுக்குப் பலகையின்மேல் ஒரு படகு ஏற்றி வைக்கப்பட்டிருக்கும். மேலே கூரையெல்லாம் போட்டு மூடிய படகு. நல்ல பழுத்த தோடம்பழ நிறம். அதில் சாய்ந்துகொண்டு மச்சான் நிற்பார். கப்பலுக்கு ஆபத்து வந்தால் எல்லோரும் இதற்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டு கொக்கியைக் கழற்றிவிட வேண்டியதுதான், படகு தலைகுப்புறக் கடலில் விழுந்து தானாக மேலே வந்துவிடும் என்று அவர் ராத்தாவுக்கு விளக்கியிருந்தார். உள்ளே தண்ணீர், பிஸ்கட், மருந்து எல்லாம் இருக்குமாம். “எங்கட கோழிக்கூடு மாதிரித்தான், ஆனா தாழாது,” என்றாராம். கடலில் எல்லா நிறத்தையும்விடத் தூரத்துக்குத் தெரிவது இந்த நிறம்தான் என்றும் சொன்னாராம்.

கப்பல் எப்படிக் காணாமல் போனது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு விடியற்காலை வரைக்கும் அது இருந்த இடம் கணினியில் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. உதவி கேட்டு ஒரு சத்தம்கூட வரவில்லை. விமானத்தில் போய்த் தேடினார்கள், கப்பல்கள் போய்த் தேடின. எண்ணெய்ப் படலமோ, ஒரு துண்டு மரமோ கிடைக்கவில்லை. அவ்வளவு பெரிய கப்பல் ஊசி மாதிரித் தொலைந்துபோனதில் உலகத்துக்கே ஆச்சரியம். தொலைக்காட்சியில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதைத்தார்கள். கொள்ளைக்காரர்கள் கடத்தினார்கள் என்றார்கள், கள்ளப் பெயர் பூசி வேறு துறைமுகத்தில் ஓடுகிறது என்றார்கள். இன்னும் என்னென்னவோ சொன்னார்கள். எங்களைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. அவர்களுக்கு அது ஒரு விடுகதை, எங்களுக்கு அது மச்சான்.

ராத்தா கடத்தல் கதையைப் பிடித்துக்கொண்டாள். அது சரிவராத நாட்களில் படகைப் பிடித்துக்கொண்டாள். படகில் ஏறியிருப்பார்கள், ஏதோ ஒரு தீவில் கரையொதுங்கியிருப்பார்கள், பாஷை தெரியாமல் எங்கேயோ அடைத்து வைத்திருப்பார்கள். “அவர் தோணியில பொறந்தவர்டி. அவருக்குப் படகுல இரிக்கத் தெரியாதா?” என்பாள்.

என் கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம் என்று வீட்டில் எல்லோரும் முடிவெடுத்தபோது அவள்தான் விடவில்லை. “தள்ளிப் போட்டா அவர் மவுத்தாகிட்டார் எண்டு ஊருக்குச் சொல்லுற மாதிரி. சொன்ன திகதியில நடத்துங்க,” என்றாள். நடத்தினோம். புத்தளத்துக்குப் போய்த் தனக்கு அந்தத் தோடம்பழ நிறச் சாரியைத் தேடி எடுத்ததும் அவளேதான்.

கல்யாணத்துக்கு இரண்டு கிழமைக்கு முன் மாமி வந்தார். மாமி என்றால் மச்சானுடைய உம்மா. பாலாவியில் பஸ் மாறித் தனியாக வந்து இறங்கினார். கையில் ஒரு பை. உள்ளே புதிதாக வாங்கிய வெள்ளைத் துணி.

கணவன் மவுத்தானால் எங்களில் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். வீட்டைவிட்டு வெளியே போவதில்லை. நகை, பூச்சு, வாசனை, நிறமான உடுப்பு ஒன்றும் இல்லை. கல்யாணம் முடிக்கக்கூடிய ஆண்கள் முன்னால் வருவதில்லை. மாமி அதற்குத்தான் துணி கொண்டுவந்திருந்தார்.

“எங்கட ஊர்ல எத்தனை பேர் கடலுக்குப் போய்த் திரும்பி வரல்ல மகள். எனக்குத் தெரியும். நீ இத்தா இரி,” என்றார்.

“அந்தத் துணிய எடுத்துட்டுப் போங்க மாமி,” என்றாள் ராத்தா.

அவ்வளவுதான் கதை. மாமி ஒரு வாய் தேத்தண்ணீர் குடிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. பெருநாளைக்குச் சாப்பாடு அனுப்புவோம், பாத்திரம் கழுவித் திரும்பி வரும். அதோடு சரி.

இப்படியே ஏழெட்டு வருடம் போனது. ராத்தா நர்சரி டீச்சராகச் சேர்ந்தாள். பெருநாளுக்குப் பெருநாள் முந்தல் டவுனுக்குப் போய், கடையில் இருப்பதிலேயே கண்ணைக் கூச வைக்கிற நிறத்தைப் பொறுக்கி எடுத்துவருவாள். நான் தைப்பவள். வீட்டு முன்னறையில் எனக்கு இரண்டு மெஷின் உண்டு. அவளுடைய கிளிப் பச்சையையும் மஞ்சளையும் வெட்டித் தைத்தே என் கண் கெட்டுப்போனது. நிறத்தைக் கொஞ்சம் குறை என்றால், “சின்னப் புள்ளைகளுக்குப் பிடிக்கும்,” என்பாள். பிள்ளைகளுக்காக இல்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மங்கலாக ஒரு நாள் உடுத்தினால் அன்றைக்கு மாமி சொன்னது சரி என்றாகிவிடும்.

அவளுக்கு ஊரில் ஒரு பெயர் இல்லாமல் போனதுதான் எனக்குப் பெரிய துக்கம். கணவன் இருக்கிறவள் என்றும் சொல்ல முடியாது, இல்லாதவள் என்றும் சொல்ல முடியாது. கல்யாண வீடுகளில் அவளை எந்தக் கதிரையில் உட்காரவைப்பது என்று பெண்கள் தடுமாறுவதை நான் பார்த்திருக்கிறேன். காதியிடம் போய் விவாகம் ரத்து என்று எழுதி வாங்கு, வயது இருக்கிறது, வேறு ஒருவரை முடி என்று புத்தி சொல்ல வந்தவர்களை நான் வாசலோடு அனுப்பியிருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

கப்பலைக் கண்டுபிடித்த செய்தியைக் கொண்டுவந்தவர் என் கணவர். பாடசாலையில் இங்கிலிஷ் படிப்பிக்கிறவர். அன்றைக்குப் பாடத்தை நடுவில் விட்டுவிட்டு வந்துவிட்டார். வெளிநாட்டில் ஒரு பெரிய பணக்காரர் இருக்கிறாராம். பெயர்போன மூழ்கிய கப்பல்களைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் அவருடைய பொழுதுபோக்காம். பணம் மிஞ்சினால் மனிதனுக்கு என்னென்ன யோசனை எல்லாம் வருகிறது என்று எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. அந்த மனிதருடைய ஆட்கள் ஒரு கப்பலில் போய், கடலடியை ஒலியால் தடவிப் பார்க்கிற ஒரு கருவியை நீளமான கம்பியில் கட்டி இழுத்துக்கொண்டு, வயல் உழுகிற மாதிரி மேலும் கீழுமாக மாதக் கணக்கில் ஓடியிருக்கிறார்கள். கடைசியில் மூன்று மைலுக்கும் கூடிய ஆழத்தில் ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது.

அந்தப் படத்தைக் கணவர் கணினியில் காட்டினார். பழுப்பு நிறத்தில் புள்ளி புள்ளியாக, நடுவில் கறுப்பாக ஒரு நீட்டம். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது ஆஸ்பத்திரியில் எடுத்துத் தருகிற ஸ்கேன் படம் மாதிரி இருந்தது. ராத்தாவும் அப்படித்தான் பார்த்தாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, “எது தலை, எது கால்?” என்று கேட்டாள்.

“இது முன்பாதி. பின்பாதி உடைஞ்சு தனியாப் போயிரிக்கி. அத இன்னும் தேடுறாங்க,” என்றார் கணவர்.

“பின்பாதியிலதானே படகு,” என்றாள் ராத்தா.

அவர் என்னைப் பார்த்தார். அந்த நிமிடத்திலிருந்து எங்கள் வீட்டில் ஒரே ஒரு கேள்விதான். படகு அதன் இடத்தில் இருக்கிறதா, இல்லையா? இல்லையென்றால் ஏறிப் போயிருக்கிறார்கள். இருந்தால்...

முதலில் முன்பாதிக்குக் கமராவை இறக்கினார்கள். மனிதர்கள் போக முடியாத ஆழமாம். விளக்கும் கமராவும் இரண்டு இரும்புக் கையும் உள்ள ஒரு இயந்திரத்தைக் கம்பியில் தொங்கவிட்டு, மேலே கப்பலில் இருந்தபடியே ஓட்டுகிறார்கள். எல்லாவற்றையும் இணையத்தில் நேரடியாகக் காட்டினார்கள். மணலில் புதைந்த ஒரு இரும்புச் சுவர், அதில் மூடி கழன்ற தாதுக் கிடங்குகள், ஒரு நங்கூரம். சேற்றில் ஒரு வெள்ளை மீன் மெதுவாக நடந்து போனது. மீன் நடக்குமா என்று நான் கேட்டேன், நடக்கும் என்றார் கணவர். பிறகு கடல் கொந்தளித்ததால் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

அந்த நிறுத்தம் ஒரு கிழமைக்கு மேல் நீடித்தது. ராத்தா வழமை போல நர்சரிக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். கறிக்கு உப்பு இல்லை, சோற்றுக்கு உப்பு கூடிப்போனது. ஒரு நாள் சாப்பிடும்போது கணவர் மெதுவாக ஆரம்பித்தார். படகு அங்கே இல்லாவிட்டாலும் கப்பல் தாழும்போது பிய்த்துக்கொண்டு போயிருக்கலாம், அதனால் நிச்சயமாக ஒன்றும் என்று வசனத்தை இழுத்தார். மேசைக்குக் கீழே நான் அவருடைய காலை மிதித்தேன்.

“மிதிக்காதே. நான் சின்னப் புள்ளயா?” என்றாள் ராத்தா. பிறகு கறியை எடுத்து அவருடைய சோற்றுக் கோப்பையில் போட்டாள்.

இரண்டாவது தடவை இறக்குகிற அன்று பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு வீடு நிறைந்துவிட்டது. கணவர் கணினியைப் பெரிய டீவியில் இணைத்திருந்தார். ஆண்கள் முற்றத்தில் கதிரை போட்டு ஜன்னலுக்கு வெளியே இருந்தார்கள், பெண்கள் உள்ளே. கிரிக்கெட் மெச் பார்க்க வந்த மாதிரி ஒருத்தி வாழைக்காய்ப் பொரியல் கொண்டுவந்திருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதை வாங்கிக் குசினி அடுப்படியில் வைத்துவிட்டு வந்தேன். கணவர் டீவிக்குப் பக்கத்தில் நின்று, வெளிநாட்டுக்காரர்கள் கதைப்பதைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். சாதாரணமாக அவர் ஒரு வசனத்தை மூன்றாக நீட்டுகிறவர். அன்றைக்குச் சுருக்கமாகவே சொன்னார்.

திரையில் கறுப்பு இறங்கிக்கொண்டே இருந்தது. தூள் தூளாக வெள்ளையாக ஏதோ மேலே போய்க்கொண்டிருந்தது. நிமிடக் கணக்கு இல்லை, மணிக் கணக்காக அதே கறுப்பு. பிள்ளைகள் அலுத்துப்போய் விளையாடப் போனார்கள். இஞ்சித் தேத்தண்ணீர் இரண்டு தரம் ஊற்றிவிட்டேன். அந்த நேரம் வாசலில் ஒரு த்ரீவீலர் வந்து நின்றது. மாமி இறங்கினார்.

ஏழெட்டு வருடத்துக்குப் பிறகு அந்தப் பையோடு வந்தார். ராத்தா எழுந்து தன்னுடைய கதிரையை அவருக்குக் கொடுத்துவிட்டுக் கீழே பாயில் உட்கார்ந்தாள். அவளுடைய மடியில் அலுமாரியிலிருந்து கழற்றிய மச்சானின் படம் இருந்தது.

முதலில் அடிமண் தெரிந்தது. சாம்பல் மாதிரி மெல்லிய மண். பிறகு ஒரு இரும்பு ஏணி, குழாய்கள். விளக்கு வெளிச்சம் ஒரு சுவரில் மெதுவாக ஏறியது. சுவரில் எழுத்துகள் தெரிந்தன. “பேர். கப்பல்ட பேர்,” என்றார் கணவர். அவர் சொல்லாமலே எங்களுக்குத் தெரியும். அந்தப் பெயரை எத்தனை தடவை எத்தனை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

இயந்திரம் பெயரைத் தாண்டி மேலே போனது. ஒரு கைப்பிடிக் கம்பி வந்தது. ராத்தா மடியில் இருந்த படத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். “இந்தக் கம்பியிலதான் கை வச்சிக்கிட்டு நிக்கிறார்,” என்றாள். பிறகு அந்தச் சறுக்குப் பலகையின் ஒரு கால் தெரிந்தது. வெளிச்சம் கொஞ்சம் திரும்பியது. சாம்பல் நிறமாக ஒரு பெரிய உருவம். ஏதோ பாறை என்றுதான் நினைத்தேன். இயந்திரம் கிட்டப் போனது. கிட்டப் போகப் போக அதில் நிறம் வந்தது.

கணவர் தமிழில் சொல்வதை நிறுத்திவிட்டார்.

படகு ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. கூரையில் சேறு படிந்திருந்தது. ஆனால் அது அதன் இடத்தில், சறுக்குப் பலகையின்மேல், மூக்கைக் கீழே வைத்துக்கொண்டு விழுவதற்குத் தயாராக இருந்தது. பின்னால் கொக்கி மாட்டியபடி. கதவு திறந்து கிடந்தது. உள்ளே விளக்கைப் பிடித்துப் பார்த்தார்கள். வரிசையாக இருக்கைகள். ஒருவரும் இல்லை. ஒருவரும் ஏறவே இல்லை. அங்கே கதைத்துக்கொண்டிருந்த வெளிநாட்டுக்காரர்களும் அமைதியாகிவிட்டார்கள். அந்த ஒரு விஷயத்துக்காக அவர்கள்மேல் எனக்கு இருந்த எரிச்சல் அன்றோடு போய்விட்டது.

“கொக்கி கழட்டவே இல்ல,” என்றாள் ராத்தா. “நேரம் கிடைச்சிருக்காது.”

மவுத்துச் செய்தி கேட்டால் சொல்வதை மாமிதான் முதலில் சொன்னார்: “இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.” பிறகு உள்ளேயும் வெளியேயும் எல்லோரும் சொன்னார்கள்.

பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்கு முன்னால் பெண்கள் ராத்தாவைக் குளிப்பாட்டிவிட்டார்கள். மாமி பையைத் திறந்தார். அதே வெள்ளைத் துணி. மடிப்புகளில் மஞ்சள் பட்டிருந்தது. நான் மெஷினில் உட்கார்ந்து தைத்தேன். அழுதுகொண்டு தைத்ததில் உடுப்பின் ஒரு கை மற்றதைவிட நீளமாகிவிட்டது. உம்மா அறைக்குத் திரை போட்டார், கண்ணாடியைப் போர்வையால் மூடினார். கண்ணாடியை மூட வேண்டும் என்று எந்தக் கிதாபில் இருக்கிறதோ தெரியாது, மூடினார்.

வெள்ளை உடுப்பில் ராத்தாவைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் அவள் முகத்தில் நான் எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. ஆறுதல் என்றுதான் சொல்ல வேண்டும். அழவில்லை. பாயில் நிமிர்ந்து உட்கார்ந்து குர்ஆன் ஓதினாள். யார் வந்தாலும் அவள் யார் என்று இப்போது தெரியும். ஊர்ப் பெண்கள் கஞ்சியும் ரொட்டியும் கொண்டுவந்தார்கள். எப்படி உட்காருவது, என்ன பேசுவது என்று ஒருவருக்கும் தடுமாற்றம் இல்லை. நர்சரிக்கு நான்கு மாதத்துக்கு வேறு ஒரு டீச்சரை ஒழுங்கு செய்தார்கள். “இத மட்டும் ஒழுங்காச் செஞ்சிடுவேன்டி,” என்றாள் என்னிடம். “அவருக்கு வேற ஒண்டும் செய்யக் கிடைக்கல்ல.” கழுவ ஜனாஸா இல்லை, மண் போடக் கபுறு இல்லை. அவளுக்கென்று இருந்தது அந்த நான்கு மாதமும் பத்து நாளும்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசலில் மச்சானுக்குக் காயிப் ஜனாஸா தொழுதார்கள். உடல் இல்லாமல் தொழுகிற தொழுகை. பள்ளிவாசல்துறையிலிருந்து லொறியில் ஆட்கள் வந்தார்கள். கடலில் தாழ்ந்து போனவர் ஷஹீத், வீரமரணம் அடைந்தவருக்குச் சமம் என்று மௌலவி சொன்னாராம். மாமி எங்களோடேயே தங்கிவிட்டார். அவரும் ராத்தாவும் அதிகம் கதைக்கவில்லை. ஆனால் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

அடுத்த கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மௌலவி வீட்டுக்கு வந்தார். இளைஞர்தான், பள்ளிவாசலுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. விறாந்தையில் கதிரையின் நுனியில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். திரைக்கு அந்தப் பக்கம் ராத்தாவும் மாமியும். நான் வாசல் நிலையில்.

“நான் பெரிய ஆலிம்கள்ட கேட்டுட்டுத்தான் வாறேன்,” என்றார். “இத்தாக் கணக்கு மவுத்தான நேரத்துல இருந்துதான். செய்தி கிடைச்ச நேரத்துல இருந்து இல்ல. கப்பல் அண்டைக்கு விடியவே தாழ்ந்திரிச்சி. படகும் கழட்டல்ல. அப்ப அவர் மவுத்தானது அண்டைக்கு. அப்படிப் பார்த்தா... ராத்தாட இத்தா எப்பவோ முடிஞ்சிரிச்சி.”

மௌலவி மறுபடியும் நெற்றியைத் துடைத்தார்.

“நான் இத்தா இரிக்கவே இல்லியே,” என்றாள் ராத்தா திரைக்குள்ளிருந்து.

“உங்களுக்குத் தெரியாதுதானே. தெரியாததுக்குக் குத்தம் இல்ல. அது தன்பாட்டுக்கு ஓடி முடிஞ்சிரிச்சி. இனி நீங்க வெளிய போகலாம், வேலைக்குப் போகலாம், எந்தக் கலரும் உடுத்தலாம். விருப்பம் எண்டா மறுபடி...” என்று கல்யாணத்தைப் பற்றி ஏதோ சொல்ல வந்தார்.

“அத இப்ப யாரும் கேக்கல்ல மௌலவி,” என்றேன் நான்.

பாவம், அந்த மனிதர் நல்ல செய்தி கொண்டுவந்ததாகத்தான் நினைத்திருந்தார். அவருடைய பக்கத்திலிருந்து பார்த்தால் நல்ல செய்திதான். நான்கு மாதம் அறைக்குள் இருக்கத் தேவையில்லை. ஆனால் நான் திரையை விலக்கி உள்ளே பார்த்தேன். படகைப் பார்த்தபோதுகூட ராத்தாவின் முகம் அப்படி ஆகவில்லை.

“நானா விரும்பி இரிக்கலாமா மௌலவி?” என்று கேட்டாள். கெஞ்சுகிற மாதிரிக் கேட்டாள். என் ராத்தா யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை.

“இல்லாத இத்தாவ எப்படி இரிக்கிற? துஆச் செய்யுங்க. அவருக்காக ஏழைகளுக்குச் சதக்கா கொடுங்க,” என்றார் அவர் மிகவும் மெதுவாக. தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

உம்மாவும் வந்திருந்த பெண்களும் ஆளுக்கொரு நியாயம் சொல்ல ஆரம்பித்தார்கள். இத்தா இல்லாமல் ஒரு மவுத்தா என்றார்கள். ராத்தா எதையும் கேட்கவில்லை. அவள் மனதுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் நானும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கப்பல் போனதிலிருந்து அந்த நான்கு மாதமும் பத்து நாளும். வாரத்துக்கு இரண்டு தரம் முந்தலில் பஸ் ஏறிக் கொழும்புக்குப் போனாள். ஆள் எடுத்து அனுப்பிய அலுவலகத்தில் முன்பின் தெரியாத ஆண்களுக்கு முன்னால் உட்கார்ந்து சத்தம் போட்டாள். மருதாணி போட்டாள். வாசனை பூசினாள். என் கல்யாணம்.

“மாமி,” என்றாள். “அண்டைக்கு நீங்க சொல்லும்போதே கேட்டிருக்கணும்.”

மாமி மடியில் இருந்த மிச்ச வெள்ளைத் துணியை மடித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

“கேட்டிருந்தா உன்ட மூஞ்சில நான் முழிச்சிருக்க மாட்டேன்,” என்றார்.

“நீங்கதானே கொண்டந்தீங்க?”

“கொண்டந்தேன். நீ எடுத்து உடுத்திருந்தா? என்ட புள்ளைய இவ்வளவு லேசா விட்டுட்டாளே எண்டு உன்னச் சபிச்சிருப்பேன். நீ திருப்பித் தந்தது... பஸ்ஸில போகக்குள்ள எனக்குக் கோவம். ஆனா அண்டைக்கு ராவு நான் நல்லாத் தூங்கினேன்.” மடித்த துணியைப் பைக்குள் வைத்தார். “இது வீணாப் போகாது. நான் மவுத்தானா என்ட கபனுக்கு ஆகும். வச்சிரு.”

ராத்தா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, “உன்ட கல்யாண அல்பத்த எடுத்துட்டு வா,” என்றாள்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. கொண்டுவந்து கொடுத்தேன். கை நீளம் சரியில்லாத அந்த வெள்ளை உடுப்போடு பாயில் உட்கார்ந்து, அல்பத்தை மடியில் வைத்து ஒவ்வொரு தாளாகத் திருப்பினாள். நான் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிற படம் வந்ததும் நிறுத்தினாள். மருதாணிக் கையோடு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றவளின் முகத்தில் விரலை வைத்தாள்.

“பாருங்க மாமி,” என்றாள். “புருஷன் மவுத்தாகி ரெண்டு மாசம் ஆகல்ல. இவளுக்கு ஒருத்தரும் சொல்லல்ல.”

அப்போதுதான் அழுதாள். ஏழெட்டு வருடமாக அழாத அழுகை. துக்கம் கேட்க வந்து முற்றத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். மாமி அவளுடைய தலையைத் தன் மடியில் போட்டுக்கொண்டு தானும் அழுதார். நான் அல்பம் நனையாமல் எடுத்து வைத்தேன், பிறகு எனக்கும் முடியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை ராத்தா நர்சரிக்குப் போனாள். கத்தரிப்பூ நிறச் சாரி. பிள்ளைகள் ஓடிவந்து கட்டிப்பிடித்தார்களாம். மாமி இன்னும் கொஞ்ச நாள் எங்களோடு இருந்துவிட்டு ஊருக்குப் போனார். இப்போது மாதத்துக்கு ஒரு தடவை ராத்தா பாலாவியில் பஸ் மாறி அவரைப் பார்க்கப் போகிறாள்.

என் கல்யாண அல்பத்தைப் பார்க்கிறவர்கள் இப்போதும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். முந்தி மாதிரி நான் ராத்தாவைச் சீண்டுவதில்லை. ஓரத்தில் இருக்கிறது நான் என்று சொல்வேன். பக்கத்தில் நிற்பது என்ட ராத்தா, அவ இத்தாவில இருந்த நேரம் எடுத்தது என்று சொல்வேன்.